அல்புலா மலையேறும் சின்ன றெயில்

கிறவ்பூன்டன் மாநிலத்துச் சிவப்பு றெயிலை உங்களில் அநேகர் கண்டிருப்பீர்கள். அதன் மாதிரியொன்றை, 87இல் ஒரு பங்காகச் செய்து, ஒரு மண்டபத்தில் ஓடவிட்டார்கள். வேலை முடிஞ்சு போன நான் இரண்டு மணித்தியாலம் நின்று பார்த்தேன். 12 மில்லிமீற்றர் அகலத் தண்டவாளத்தில் வண்டி வளைஞ்சு வளைஞ்சு ஏறினது.

உண்மைப் பாதையின் அகலமும் ஒரு மீற்றர்தான். எங்கட யாழ்தேவியின் பாதை 1.676 மீற்றர். பாதை ஒடுக்கமெண்டால் குறுகிய இடத்திலும் திரும்பலாம், செலவும் குறைவு. பேர்க்யூனில் இருந்து பிறேடாவுக்கு நேர்த்தூரம் சுமார் 5 கிலோமீற்றர். ஆனால் 400 மீற்றருக்கு மேல் ஏறவேண்டும். அதனால் றெயில் சுரங்கங்களாலும் பாலங்களாலும் சுற்றிச் சுற்றி 12 கிலோமீற்றர் ஓடுகிறது.

65 மீற்றர் உயரமான லான்ட்வாசர் பாலமும் மாதிரியில் இருந்தது. இல்லாதது ஒன்றுதான்: அதைக் கட்டின ஆட்கள். 1898இல் தொடங்கி 5,865 மீற்றர் நீள அல்புலா சுரங்கத்தைக் குடைந்தவர்களில் பெரும்பாலானோர் இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர். குளிர்ந்த தண்ணீர் பீறிட்ட பாறைக்குள் நின்று வேலை செய்தார்கள். உயிர் விட்டவர்களும் உண்டு. 1903இல் றெயில் ஓடியது. 2008இல் யுனெஸ்கோ இந்தப் பாதையை உலக மரபுரிமையாக்கியது.

கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் பாலத்தைக் காட்டுங்கள். கட்டினவர்கள் ஆரெண்டும் சொல்லுங்கள்.