புராஸ்டேட் புற்றுநோயில் பெரும் மரபணுத்தொகை மாற்றங்கள்: கண்டறிதல்

புராஸ்டேட் புற்றுநோயில் டி.என்.ஏ.வின் ஒற்றை எழுத்து மாறுவது ஒப்பளவில் குறைவு. குரோமோசோம் துண்டு அறுந்து தொலைவதும், இடம் மாறி ஒட்டுவதும், பல படிகளாகப் பெருகுவதுமே இந்நோயின் முத்திரை. இவை பெரியவை என்றாலும் வெகுகாலம் கண்ணில் படவில்லை. இக்கட்டிச் செல்களை ஆய்வகத்தில் வளர்ப்பது கடினம். வளர்த்தாலும் பெரும்பாலும் இயல்பான செல்களே பெருகி, குரோமோசோம்களைப் பழுதற்றவையாகக் காட்டிவிடும்.

பெயர்பெற்ற எடுத்துக்காட்டு 21-ஆம் குரோமோசோமில் உள்ளது. டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்.2, ஈ.ஆர்.ஜி. ஆகிய மரபணுக்களுக்கு நடுவே சுமார் 30 லட்சம் எழுத்துகள். புராஸ்டேட்டில் முன்னதை ஆண் ஹார்மோன் முடுக்குகிறது. இடைத்துண்டு கழன்றால் இரண்டும் இணைந்து, அந்த முடுக்கம் ஈ.ஆர்.ஜி.க்குப் போய்விடும். ஐரோப்பிய வம்சாவளியினரின் கட்டிகளில் ஏறக்குறைய பாதியில் இந்த இணைவு உண்டு, ஆசியர்களிடம் குறைவு.

2005-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் டாம்லின்ஸ், அருள் சின்னையன் குழுவினர் இதைக் கண்டனர். அவர்கள் தேடத் தொடங்கியது குரோமோசோமில் அல்ல, மரபணுச் செயல்பாட்டுத் தரவில். எல்லா நோயாளிகளுக்கும் சராசரி எடுத்தால் சிலரிடம் மட்டும் உச்சத்தில் நிற்கும் மரபணு அமுங்கிவிடும். ஆகவே சராசரியை விட்டு, விலகி நிற்பவற்றைத் துழாவினார்கள்.

இந்த இணைவை உறுதிசெய்ய உதவுவது ‘ஃபிஷ்’ சோதனை. பாரஃபினில் பதித்த பயாப்ஸித் திசுவை மெல்லிய சீவலாக்கி, ஈ.ஆர்.ஜி.யின் இருபுறமும் சிவப்பு, பச்சை ஒளிர்சாயம் ஏற்றுவர். மரபணு முழுதாக இருந்தால் இரண்டும் ஒட்டி மஞ்சளாகத் தெரியும். உடைந்து இடம் மாறியிருந்தால் நிறங்கள் பிரியும். துண்டு தொலைந்திருந்தால் ஒன்று காணாமல் போகும். ஆனால் சீவும் கத்தியே உட்கருவை வெட்டி ஒளிப்புள்ளியைப் பறித்திருக்கலாம். அதனால் பல உட்கருக்களைப் பொறுமையாக எண்ணியாக வேண்டும். ஈ.ஆர்.ஜி. புரதத்துக்கான நிறமேற்றம் எளிய மாற்றுவழி. இரத்தக்குழாயின் உட்சுவரில் அப்புரதம் இயல்பாகவே இருப்பதால், அங்கே நிறம் பிடித்திருந்தால் சோதனை சரி.

2013-இல் 57 கட்டிகளின் முழு மரபணுத்தொகையை வாசித்தபோது, பல குரோமோசோம்கள் சங்கிலிபோல் ஒன்றாக உடைந்து மாறி ஒட்டியிருந்தது தெரிந்தது. இதற்குக் ‘குரோமோபிளெக்ஸி’ என்று பெயர்.

ஹார்மோன் சிகிச்சைக்குக் கட்டுப்படாத நிலையில் ஆண்ட்ரோஜன் (ஆண் ஹார்மோன்) ஏற்பி மரபணு பல படிகளாகப் பெருகியிருப்பது வழக்கம். அதிலிருந்து சுமார் 6.5 லட்சம் எழுத்து தள்ளியுள்ள, அதை முடுக்கும் பகுதியும் பெருகுவதை 2018-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. அது எந்த மரபணுவுக்குள்ளும் இல்லை. புரதக் குறியீட்டுப் பகுதிகளை மட்டும் வாசிக்கும் சோதனை அதைத் தாண்டிப் போய்விடும்.