செருப்புத் தைத்த கவிஞர் ஹான்ஸ் சாக்ஸ்

செருமனியின் நியூரம்பர்க் நகரில் 1494-ஆம் ஆண்டு ஒரு தையற்காரரின் மகனாய்ப் பிறந்தவர் ஹான்ஸ் சாக்ஸ். சில ஆண்டுகள் இலத்தீன் பள்ளியில் பயின்றபின் செருப்புத் தைக்கும் தொழிலைக் கற்கச் சேர்க்கப்பட்டார். அக்காலத்திலேயே இன்னொரு கலையும் அவரைப் பற்றிக்கொண்டது. லீன்ஹார்ட் நுன்னன்பெக் என்னும் நெசவாளர் அவருக்கு யாப்புக் கற்பித்தார். நெசவாளரும் செருப்புத் தைப்போரும் பிற கைவினைஞரும் ஓய்வு நாளில் கூடிப் பாட்டியற்றிய சங்கம் ஒன்று அந்நகரில் இருந்தது. இத்தகைய பாவலர்க்குச் செருமானியத்தில் ‘மைஸ்டர்சிங்கர்’ என்று பெயர்.

அச்சங்கத்தின் சட்டம் கடுமையானது. ஒரே இசையில் அமைந்த இரண்டு உறுப்புகள், அவற்றின்பின் வேறு இசையில் மூன்றாவது உறுப்பு என்று ஒவ்வொரு கண்ணியும் அமையவேண்டும். அசை கூடினாலும் இயைபு தவறினாலும் குறித்துக்கொள்ளத் தனி நடுவர்கள் இருந்தனர். சீர்திருத்தக் காலத்துக்குப்பின் பொருள் விவிலியத்தோடு ஒத்திருக்கிறதா என்பதையும் அவர்கள் பார்த்தார்கள். வெண்பாவில் தளை தட்டியதற்காக அவையில் தலைகுனிந்தவர்களுக்கு இந்த நடுவர்களை அறிமுகம் செய்யத் தேவையில்லை!

ஊர் ஊராய்ச் சென்று தொழில் செய்தபின் நியூரம்பர்க் திரும்பிய சாக்ஸ், 1519-இல் குனிகுண்டேயை மணந்தார். அடுத்த ஆண்டே தொழிலில் ஆசான் நிலையை எய்தினார். பின்னர் சில ஆண்டுகள் அவர் பேனா ஏறக்குறைய ஓய்ந்திருந்தது; மார்ட்டின் லூத்தரின் நூல்களைத் திரட்டிப் படித்துக்கொண்டிருந்தார். 1523-இல் லூத்தரை விடியலைப் பாடும் இராப்பாடிப் பறவையாக உருவகித்து ஒரு நெடும்பாடல் வெளியிட்டார். மறு ஆண்டு வெளியான உரையாடல் நூலிலோ, ஒரு செருப்புத் தொழிலாளி குருவானவர் ஒருவரோடு மறைநூலைக்கொண்டு வாதிடுகிறான். தம் தொழிலை மறைக்காமல் அதையே பேசும் வாயாக்கிய துணிவு அது. 1527-இல் போப்பாண்டவரைத் தாக்கிய நூலொன்றில் அவர் பாடல்கள் வந்தபோது நகர மன்றம் சினந்தது. செருப்புத் தைக்கும் வேலையைப் பார், நூல் வெளியிடாதே என்று ஆணையிட்டது. அவர் ஓயவில்லை. ஓய்ந்திருந்தால் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட சங்கப் பாடல்களும் இருநூற்றுக்கும் மேற்பட்ட நாடகங்களும் ஏது?

ஆயினும் அவர் வாழ்வின் கடினமான பகுதி வீட்டுக்குள்ளே நிகழ்ந்தது. பெற்ற மக்கள் எழுவர். எழுவரும் அவருக்கு முன்னரே மடிந்தனர். நாற்பதாண்டு உடனிருந்த குனிகுண்டே 1560-இல் மறைந்தார். அதன்பின் இறந்த மனைவி கனவில் தோன்றியதாக அவர் ஒரு பாடல் எழுதினார். உயிர்த்தெழுதலை நம்புகிறவன் அழக்கூடாது என்று கருதுவோர் உண்டு. சாக்ஸ் அந்த வகையினர் அல்லர். பாடி அழுதார், நம்பிக்கையையும் விடவில்லை. மறுமையை அவர் நம்பியது இம்மையை வெறுத்தன்று. 1561-இல் பார்பரா என்னும் இளம் கைம்பெண்ணை மணந்து, அவர் அழகைப் போற்றியும் பாடினார். 1868-இல் அரங்கேறிய வாக்னரின் இசை நாடகத்தில் இளம்பெண்ணைத் துறந்து ஒதுங்கும் சாக்ஸைக் கண்டவர்கள் இதைக் கேட்டால் வியப்பார்கள்.

1567-இல், எழுபதைக் கடந்த நிலையில், தம் வாழ்வையும் படைப்புகளையும் கணக்கெடுத்து ஒரு செய்யுள் இயற்றினார். கடையின் கணக்கை ஒப்படைக்கும் தொழிலாளியின் நேர்மை அதில் உண்டு. 1576 சனவரி 19-இல் காலமானார்.

பின்வந்த நூற்றாண்டு அவரைச் செருப்புக்காரப் பாவலன் என்று எள்ளி நகையாடியது. அவர் இறந்து இருநூறு ஆண்டு நிறைந்த 1776-இல்தான் கதே ஒரு பாடலால் அவர் பெருமையை மீட்டார். சாக்ஸ் தம் கைப்பட எழுதிய தொகுதிகளுள் பல சுவிக்காவ் நகர நூலகத்தில் உள்ளன.