பெட்டியில் வந்ததும் உறையில் வந்ததும்

வானொலி உதிரிபாகங்களுக்குப் பேர்போன சென்னை ரிச்சி தெரு பின்னாளில் கணினிச் சந்தையானது. குடவாசல் போன்ற டெல்டா ஊர்களில் கணினி பூட்டித் தருவோருக்கும் சிடி, டிவிடி டிரைவ்கள் இத்தகைய சந்தைகளிலிருந்தே கிடைத்தன. கணினி தயாரிப்போருக்கென மொத்தமாக வந்த ஓஇஎம் டிரைவ், நிலைமின் தடுப்பு உறையில் வெறுமனே இருக்கும், விலையும் குறைவு. சில்லறைப் பெட்டியிலோ நாலு திருகாணி, தட்டையான ஐடிஇ கேபிள், கையேடு, பல சமயம் வட்டில் பதிவு செய்யும் நீரோ மென்பொருளும் இருக்கும். உள்ளிருந்த இயந்திரம் பெரும்பாலும் ஒன்றே. உத்தரவாதத்தில்தான் சிக்கல்: ஓஇஎம் சரக்குக்குப் பொதுவாக விற்றவரே பொறுப்பு. ஆனாலும் பழுதான டிரைவை மாற்ற ஓஇஎம் டிரைவே தாராளமாகப் போதும். கேபிள்தான் ஏற்கெனவே கணினிக்குள் இருக்குமே. பென் டிரைவ் பரவியதும் வட்டு டிரைவ்கள் ஒதுங்கின. ஆனால் ஹார்ட் டிஸ்க்கும் ஓஇஎம் சரக்காக வருவதால், அதை வாங்குவோர் இன்றும் உத்தரவாதம் யாருடையது என்று கேட்டு வாங்க வேண்டும்.