கச்சியில் மார்கழிப் பாகு

காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை 500 அடிகளால் ஆனது. அந்நூலை வகுப்பில் நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் திருவெஃகாவைப் பற்றிய பகுதியில் நாம் சற்றுத் தயங்கி நிற்பது வழக்கமாகிவிட்டது. பாம்பணையில் பள்ளிகொண்டவனைச் சொன்ன கையோடு, அவ்விடத்துச் சோலையைப் புலவர் காட்டுகிறார். காஞ்சி மரத்தைச் சுற்றிப் படர்ந்த குருக்கத்தியின் பூக்கள் மணலடுத்த நீரில் உதிர்ந்து மிதக்கின்றன. அதற்கு அவர் கண்ட உவமை ஒரு தின்பண்டம். கூவியர் கரிய அகலில் பாகு சேர்த்துச் செய்த, இழைகள் சூழ்ந்த வட்டம் ஒன்று பாலில் கிடப்பதுபோல் அப்பூக்கள் கிடந்தனவாம். கூவியர் என்போர் அப்பம் சுட்டு விற்போர். அப்பண்டத்தை அப்பம் என்பர் உரைகாரர். இடியாப்பம் என்று கொள்வாரும் உளர். அவ்வழக்கைத் தீர்ப்பது நம் நோக்கமன்று. உவமை என்பது கேட்பவன் அறிந்த பொருளைக் கொண்டு அறியாத பொருளைக் காட்டுவது. அப்படியானால், இக்கச்சி நகரில் பாகுப் பண்டம் அன்றே எல்லாரும் அறிந்த பொருளாக இருந்திருக்க வேண்டும்.

பாகு எங்கிருந்து வந்தது என்பதற்கும் அந்நூலிலேயே விடை இருக்கிறது. கரும்பு ஆட்டும் எந்திரத்தின் ஓயாத ஒலியையும், சாறு காய்ச்சும் ஆலைகளைச் சூழ்ந்த புகையையும் புலவர் சொல்கிறார். காய்ச்சிப் பெறும் கட்டிக்கு அவர் தரும் பெயர் விசயம். இன்று அச்சொல்லை வேறு பொருளில் நாள்தோறும் நூறு முறை சொல்கிறோம். வெல்லத்தை நினைப்பவர் எவரும் இலர். அதியமானின் முன்னோரே கரும்பை இந்நாட்டுக்குக் கொணர்ந்தவர் என்னும் செய்தியை ஔவையார் புறநானூற்றின் 99ஆம் பாடலில் வைத்திருக்கிறார். எந்திரம் என்ற சொல்லோ நம் வட்டாரத்தில் இன்னும் ஏந்திரமாக வாழ்கிறது. கரும்பாலையைவிட்டு வீட்டுக் கூடத்துக்கு வந்து, அரிசியும் பருப்பும் உடைக்கும் திரிகைக்கு அது பெயராகிவிட்டது.

குளிர்காலத்துக்கும் இனிப்புக்கும் உள்ள உறவு நாவின் விருப்பத்தால் மட்டும் வந்ததன்று. மார்கழியும் தையும் முன்பனிக்காலம். ஏரிப்பாசனத் தொண்டை மண்டலத்தில் சம்பா அறுவடையாகும் பருவம் அது. கரும்பு முற்றி வெட்டுக்கு வருவதும் அப்போதுதான். புதிய அரிசியும் புதிய வெல்லமும் ஒன்றாக வீட்டுக்குள் நுழையும் காலம் ஆண்டில் வேறில்லை. மராட்டியத்தில் சங்கராந்தியன்று எள்ளும் வெல்லமும் பிடித்துக் கொடுத்து இனிமையாகப் பேசச் சொல்வதும் இதே பருவத்து வழக்கம்தான்.

இனி, கோயில். ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்கார அடிசிலும் நேர்ந்துகொண்டாள். அந்த நேர்ச்சையைப் பின்னாளில் இராமாநுசர் நிறைவேற்றினார் என்றும், அதன்பின் வில்லிபுத்தூர் சென்றபோது ஆண்டாள் அவரை அண்ணன் என்று அழைத்தாள் என்றும் வைணவ மரபு சொல்லும். அந்த அண்ணன் இளமையில் பாடம் கேட்டது இக்காஞ்சியில். வரதருக்குச் சாலைக்கிணற்றிலிருந்து நீர் சுமந்ததும் இங்கேதான். ஆகவே மார்கழி 27ஆம் நாள், கூடாரவல்லியன்று, சின்னக் காஞ்சிபுரத்து வீடுகளில் அக்காரவடிசில் கொதிக்கும்போது, அதைத் தெற்கிலிருந்து வந்த வழக்கமாக எவரும் எண்ணுவதில்லை; தம் வீட்டுப் பிள்ளை தீர்த்த கடனாகவே எண்ணுகிறார்கள். அக்காரம் என்பது சர்க்கரை என்னும் வடசொல்லின் வழி வந்தது. அச்சொல்லே நம் வீடுகளில் ஒரு நோயின் பெயராகவும் ஆகிவிட்டதை முதியோரோடு அடுப்படியில் நிற்பவர் மறக்க முடியாது. நெல்லிக்காய் அளவு என்று எல்லை வகுத்துக்கொண்டே தொடங்க வேண்டியிருக்கிறது.

சைவ வீடுகளுக்குத் திருவாதிரைக் களி. சேந்தனார் தில்லைக் கூத்தனுக்குப் படைத்த கதையை யாவரும் அறிவர். வறுத்து உடைத்த அரிசியும் பயத்தம்பருப்பும் வெல்ல நீரில் வெந்து, தேங்காயும் நெய்யும் ஏலமும் சேர்ந்தால் களி முடிந்தது. பல் போனவர்களும் உண்ணலாம். பல்லிருப்பவர்களுக்கு ஏழுகறிக் கூட்டு உடன் உண்டு.

கல்வெட்டுகளையும் சொல்ல வேண்டும். விசயநகரக் காலக் கோயில் சாசனங்களில் அதிரசம், வடை, சுகியன், தோசை முதலிய படையல்கள் பேசப்படுகின்றன. இத்தனை அரிசி, இத்தனை நெய், இத்தனை வெல்லம், மிளகு என்று நாழியிலும் உழக்கிலும் பலத்திலும் கணக்கு வெட்டியிருக்கிறார்கள். தானம் கொடுத்தவன் ஏமாற்றப்படாமல் இருக்கக் கல்லில் இவ்வளவும் தேவைப்பட்டது. ஆனால் பாகு எந்தப் பதத்தில் இறங்க வேண்டும் என்று எந்தச் சாசனமும் சொல்வதாக நாம் கண்டதில்லை. மடைப்பள்ளிக்காரனுக்கு அதைச் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. புலவரும் பூவைப் பார்த்துப் பண்டத்தை நினைத்தாரே அல்லாமல், செய்முறையைச் சொல்ல வரவில்லை. அதிரசத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தவர் கடைசியில் ஒரு கிழவியின் விரல் நுனியில் போய் நிற்க நேர்வது இதனால்தான்.

நாம் போய் நின்றது பிள்ளையார்பாளையத்தில் நம் பெரியம்மாவின் வீட்டில். எண்பதைக் கடந்தவர். சிறுமியாக இருந்தபோது கோர்வைத் தறியில் கரைக்குத் துணையாளாக உட்கார்ந்தவர்; பிறகு அறுபது ஆண்டு தார் சுற்றியவர். இப்போது தறிக்குழி மூடப்பட்டு அதன்மேல் கட்டில் கிடக்கிறது. பார்வை பெரும்பாலும் போய்விட்டது. பெயர்கள் ஒவ்வொன்றாக நழுவுகின்றன. சென்ற மார்கழியில் நம்மைத் தம் தம்பியின் பெயரால் இருமுறை அழைத்தார். அவர் இறந்து இருபது ஆண்டாகிறது.

நெசவாளர் வீட்டு மாணவியர் இருவரும் நாமும் ஒரு குறிப்பேட்டுடன் சென்றிருந்தோம். களியில் தொடங்கினோம், முதியவரோடு செய்ய அதைவிட எளியது இல்லை. நாற்காலியில் அமர்ந்தபடியே பருப்பில் கல் பொறுக்கினார், ஏலம் உரித்தார். அரிசியை மாணவியர் வறுக்க, மணத்தை வைத்தே நிறுத்தச் சொன்னார். ஏந்திரத்தின் பிடியில் அவர் கைமேல் ஒரு மாணவியின் கை. அளவு மட்டும் எளிதில் வாங்க முடிந்தது: ஓர் ஆழாக்கு அரிசிக்கு ஒரு கைப்பிடிப் பருப்பு, ஒன்றேகால் ஆழாக்கு வெல்லப்பொடி, இரண்டரை ஆழாக்குத் தண்ணீர்.

மறுநாள் எள்ளுருண்டை. அங்கேதான் குறிப்பேடு தோற்றது. வேதியியல் துறை நண்பரிடம் இரவல் வாங்கிய வெப்பமானியை நாம் பாகில் வைத்திருந்தோம். உருண்டைப் பதத்துக்குச் சுமார் 115 பாகை என்று படித்திருந்தோம். பழைய வெல்லத்தில் அது ஒருவாறு சரியாக வந்தது. புதுவெல்லத்தில் எள் ஒட்டாமல் உதிர்ந்தது. பெரியம்மா சிரிக்கவில்லை. மூன்றாம் ஈட்டுப் பாகில் கரண்டி நுனியைத் தோய்த்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் சொட்டச் சொன்னார். கிண்ணத்துக்குள் விரலை விட்டு, அந்தத் துளியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இழுத்துப் பார்த்தார். நூலின் முறுக்கு பார்ப்பவர் செய்யும் அதே அசைவு.

“இன்னும் ரெண்டு கொதி வரட்டும்பா. இது கம்பியா வருது. கம்பி ஆவாது, உருளணும்.”

“ரெண்டு கொதின்னா எவ்ளோ நேரம் பெரியம்மா?”

“சத்தம் மாறும், கேளு.”

கேட்டோம். சளசளவென்றிருந்தது சற்றே தடித்து, இடைவெளி விட்டு வந்தது. மாணவி ஒருத்தி நமக்கு முன்பே அதைப் பிடித்துவிட்டாள். எள்ளைக் கொட்டிக் கிளறி இறக்கியதும், அரிசி மாவைக் கையில் தடவிக்கொண்டு, நாம் தொட அஞ்சிய சூட்டில் பெரியம்மா உருட்டத் தொடங்கினார். உருண்டைகள் ஒரே அளவாக இருந்தன. நம்முடையவை அப்படி இல்லை.

இழை என்ற சொல் தறிக்கும் பாகுக்கும் பொதுவாக நிற்பதைத் திருவெஃகாச் சோலையைப் பாடியவர் எண்ணித்தான் வைத்தாரா என்று அறுதியிட முடியாது. நெசவாளர் மிகுந்த ஊரில் பாகின் பதத்தைக் கம்பி என்றும் இழை என்றும் கை அறிந்துவைத்திருப்பதை மட்டும் நாம் கண்டோம்.

குறிப்பேட்டில் 115 என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, “சத்தம் மாறும்” என்று அந்த மாணவி எழுதினாள். கூடாரவல்லிக்கு இரண்டு நாள் இருந்தது. அவள் மட்டும் மறுபடி போனாள். பெரியம்மா அவளை எந்தப் பெயரால் அழைத்தார் என்று நாம் கேட்கவில்லை.