நாய் காட்டினால் குற்றவாளியா? பிளட்ஹவுண்ட் நாயின் கதை



போலீஸ் மோப்ப நாய்னா நமக்கு நினைவுக்கு வர்றது அல்சேஷன், லாப்ரடார். ஆனா ஆள் தடம் பிடிக்கிறதுக்குன்னே பேர் போன இனம் பிளட்ஹவுண்ட். தொங்கும் காது, மடிப்பு மடிப்பா தோல், எப்பவும் அழுது முடிச்ச மாதிரி முகம். பெல்ஜியம் ஆர்டென் காட்டுப் பகுதியில இருந்த செயின்ட் ஹூபர்ட் மடத்துத் துறவிகள் வளர்த்த நாய்களோட வழித்தோன்றல்னு மரபா சொல்வாங்க. அங்கே இன்னிக்கும் அதுக்கு அந்த மடத்தோட பேர்தான்.

இதைப் பத்தி விவரமா எழுதி வச்சவர் நம்ம ஆளு. அதாவது ஒரு டாக்டர்! ஜான் கீஸ். இங்கிலாந்து அரச குடும்பத்துக்கு வைத்தியம் பார்த்தவர். 1552-ல வியர்வைக் காய்ச்சல்ங்கிற கொள்ளை நோய் பத்திப் புத்தகம் போட்டவர். 1570-ல பிரிட்டிஷ் நாய்கள் பத்தி லத்தீன்ல ஒரு நூல் எழுதினார். இங்கிலாந்து - ஸ்காட்லாந்து எல்லையில மாடு திருடங்களைப் பிடிக்க இந்த நாய்களை விட்டதையும், திருடன் ஆத்துல இறங்கித் தப்பிச்சா நாயும் நீந்திப் போய் அக்கரையில தடத்தைத் தேடினதையும் அதுல சொல்றார்.

எப்படி முடியுது? நம்ம தோல் செல்கள் நிமிஷத்துக்கு நிமிஷம் உதிர்ந்துக்கிட்டே இருக்கு. அதோட வியர்வை, எண்ணெய்ப் பசை, அதுமேல வாழுற பாக்டீரியா எல்லாம் சேர்ந்து ஆளுக்கு ஒரு வாசனை. நடந்து போற வழியெல்லாம் அது விழும். 2011-ல செக் நாட்டுல நடந்த ஆய்வுல, நல்லா பழக்கின ஜெர்மன் ஷெப்பர்ட் நாய்கள் ஒரே கருவில் உருவான இரட்டையரையே வாசனையில பிரிச்சுக் காட்டிச்சு. மூக்கு நிஜமாவே அபாரம். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல.

உடம்புதான் பாவம். பிரிட்டன் கென்னல் கிளப்போட 2004 கணக்கெடுப்புல இதோட இடைநிலை ஆயுள் ஏழு வருஷம்கூட இல்ல. முதல் காரணம் இரைப்பை முறுக்கு. ஆழமான நெஞ்சுக்கூடு உள்ள நாய்கள்ல இரைப்பை காத்தால உப்பி, அப்படியே திரும்பிக்கும். ரத்த ஓட்டம் நின்னுடும். பெருங்குடல் முறுக்கிக்கிட்டு வர்ற நோயாளிகளை நாங்க பார்க்கிறோமே, கிட்டத்தட்ட அந்த அவசரம்தான். வீட்ல கிரேட் டேன் மாதிரி பெரிய நாய் வச்சிருக்கவங்க கவனிங்க: வயிறு திடீர்னு உப்பி, வாந்தி எடுக்க முக்கியும் ஒண்ணும் வரலைன்னா, காலையில பார்த்துக்கலாம்னு விடாதீங்க. உடனே கால்நடை மருத்துவர்கிட்ட ஓடுங்க.

சரி, வரலாறுக்கு வருவோம். 1888, லண்டன். ஜாக் தி ரிப்பர் கொலைகள். போலீஸ் கமிஷனர் சார்லஸ் வாரன், பார்னபி, பர்கோன்னு ரெண்டு பிளட்ஹவுண்ட் வரவழைச்சு பூங்காவுல சோதிச்சார். துரத்தப்படும் ஆளா அவரே ஓடினார்! ஆனா நாய்களுக்கான ஏற்பாடு எதுவும் உறுதியாகல. நவம்பர் 9, மேரி கெல்லி பிணமாகக் கிடந்த அறை வாசல்ல போலீஸ், நாய்கள் வரும்னு ரெண்டு மணி நேரத்துக்கு மேல காத்து நின்னது. நாய்கள் வரவே இல்ல. கடைசியில கதவை உடைச்சாங்க.

நிஜ ஆபத்து வேற இடத்துல. நாய் காட்டினதை நீதிமன்றம் சாட்சியா எடுக்கலாமா? அமெரிக்காவுல கென்டக்கி நீதிமன்றம் 1898-ல 'எடுக்கலாம், ஆனா இனம், பயிற்சி, முன்னாடி சரியா காட்டினது எல்லாத்தையும் நேர்ல தெரிஞ்சவர் சொல்லணும்'னு நிபந்தனை போட்டது. 1903-ல நெப்ராஸ்கா 'இதை நம்பி ஒருத்தரைத் தண்டிக்க முடியாது'ன்னு நிராகரிச்சது. என் ஓட்டு நெப்ராஸ்காவுக்கு.

ஏன்னா, நாங்க ஒரு மருந்தைச் சோதிக்கும்போது யாருக்கு எது கொடுத்தோம்னு டாக்டருக்கே தெரியாம மறைப்போம். தெரிஞ்சா, நம்மை அறியாமலே முடிவு நம்ம ஆசைப் பக்கம் சாயும். இங்கே கயிறு பயிற்சியாளர் கையில. விடை அவருக்குத் தெரிஞ்சிருந்தா, கயிறு லேசா இறுகினாலே நாய் புரிஞ்சுக்கும். அது எசமானைச் சந்தோஷப்படுத்தத்தானே பார்க்கும்?

டெக்சாஸ்ல 2004-ல ஒருத்தர் கொலை செய்யப்பட்டார். மூணு வருஷம் கழிச்சு, அவர் துணியில இருந்த வாசனையை பிளட்ஹவுண்டுகளுக்குக் காட்டி, ஆறு பேர் வாசனை இருந்த டப்பாக்களை வரிசையா வச்சாங்க. நாய்கள் ரிச்சர்ட் வின்ஃப்ரியோட டப்பாவைக் காட்டின. 75 வருஷத் தண்டனை. 2010-ல டெக்சாஸோட உச்ச குற்றவியல் நீதிமன்றம், நாய் மோப்பம் துணைச் சாட்சிதான், அதை மட்டும் வச்சுத் தண்டிக்க முடியாதுன்னு அவரை விடுவிச்சது.

அதே கொலைக்கு, அதே மோப்பத்தை வச்சு ஆயுள் தண்டனை வாங்கின அவர் மகள் மேகனுக்கு விடுதலைத் தீர்ப்பு வர 2013 ஆச்சு.