தெரிந்தால்தான் பொறுப்பா? அமெரிக்கக் கல்லூரி வளாகங்களில் போதை மரணங்களும் சட்டத்தின் நூறாண்டுப் பயணமும்

அமெரிக்கக் கல்லூரி வளாகத்தில் ஒரு மாணவர் போதைப்பொருளால் இறந்தால் யார் பதில் சொல்வது? கடந்த ஒரு நூற்றாண்டில் அந்நாட்டு நீதிமன்றங்களும் சட்டமன்றங்களும் இதற்கு ஒன்றுக்கொன்று முரணான விடைகளைத் தந்துள்ளன. கல்லூரி தந்தையாக இருந்தது. பிறகு ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தது. பிறகு காவலர் வேலையும் பார்த்தது. இம்மாற்றங்களினூடே மெல்ல உருவாகி நிலைத்த விதி ஒன்று உண்டு. ஆபத்து நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தால் பொறுப்பு உண்டு, தெரியாவிட்டால் இல்லை என்பதே அது. கேட்பதற்கு நியாயமாகப்படும் இவ்விதி, தெரிந்துகொள்ளாமல் இருப்பதையே நிறுவனங்களுக்கு ஆதாயமாக்கியது என்பது இக்கட்டுரையின் வாதம். மது தொடர்பான வழக்குகளையும் இங்கே சேர்த்தே பார்க்க வேண்டும். போதைப்பொருள் மரணங்களுக்குப் பொருந்தும் சட்டக் கோட்பாடுகள் பெரும்பாலும் பீர்ப் பீப்பாய்களைச் சுற்றித்தான் பிறந்தன.

அதிகாரம் உண்டு, வழக்கு இல்லை

கென்டக்கி மாநிலத்தின் பெரியா கல்லூரி, தன் கட்டுப்பாட்டில் இல்லாத உணவகங்களுக்கும் கேளிக்கை இடங்களுக்கும் மாணவர்கள் போகக் கூடாது என்று 1911-இல் விதி செய்தது. மீறியவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். கல்லூரிக்கு எதிரே உணவகம் நடத்திவந்த காட் என்பவர், வியாபாரம் படுத்துவிட்டது என்று வழக்குப் போட்டார். 1913-இல் தீர்ப்பு கல்லூரிக்குச் சாதகமாக வந்தது: மாணவர்களின் உடல்நலன், ஒழுக்கம், அறிவுப் பயிற்சி ஆகியவற்றில் கல்லூரி பெற்றோரின் இடத்தில் நிற்கிறது, நல்லதென்று தோன்றும் எந்த விதியையும் அது செய்யலாம். 1928-இல் சிராக்யூஸ் பல்கலைக்கழகம் ஒரு மாணவியை, தங்கள் பல்கலைக்கழகத்துக்கேற்ற பெண்ணாக அவர் இல்லை என்பதற்கு மேல் காரணம் சொல்லாமல் நீக்கியபோதும் நியூயார்க் நீதிமன்றம் தலையிடவில்லை.

இந்தக் காலத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு. கல்லூரி அன்று தந்தையைப் போல் மாணவரைக் காத்தது, காக்கத் தவறினால் பதிலும் சொன்னது என்று நினைத்துக்கொள்கிறார்கள். நடந்தது நேர்மாறு. அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் பிள்ளை தந்தைமீது வழக்குத் தொடுப்பது அரிது. தந்தையின் இடத்தில் நின்ற கல்லூரிக்கும் அந்தக் கவசம் கிடைத்தது. தனியார் கல்லூரிகளுக்கு அறநிறுவனம் என்ற விலக்கும் அரசுக் கல்லூரிகளுக்கு அரசு என்ற விலக்கும் கூடுதலாக இருந்தன. ராபர்ட் பிக்கலும் பீட்டர் லேக்கும் 1999-இல் வெளியிட்ட நூலில் இதைத் தெளிவாக்கினார்கள்: பெற்றோர் இடக் கோட்பாடு மாணவரை அடக்கும் அதிகாரத்தைத் தந்தது, மாணவர் உயிருக்குக் கடமையை விதிக்கவில்லை. இன்று வளாக மரணம் ஒன்று செய்தியானதும் பழைய கண்டிப்புக் காலத்துக்காக ஏங்குகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

அந்த அதிகாரத்தை உடைத்தது போதைப் பிரச்சினை அல்ல, இனவெறிக்கு எதிரான போராட்டம். 1960 பிப்ரவரியில் அலபாமா மாநிலக் கல்லூரியின் கறுப்பின மாணவர்கள் மாண்ட்கோமரி நீதிமன்றக் கட்டடத்தின் அடித்தள உணவகத்தில் உட்கார்ந்து உணவு கேட்டார்கள். விசாரணையே இல்லாமல் சிலர் நீக்கப்பட்டனர். காரணம் சொல்லாமலும் விளக்கம் கேட்காமலும் அரசுக் கல்லூரி மாணவரை நீக்க முடியாது என்று 1961-இல் டிக்சன் வழக்கில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1971-இல் வாக்குரிமை வயது 18 ஆனது. மாணவர் இப்போது சட்டப்படி முழு ஆள். 1960-களில்தான் கஞ்சாவும் எல்எஸ்டியும் வளாகங்களில் பரவின. ஹார்வர்டில் அது ஆசிரியர் வழியாகவும் வந்தது. இளநிலை மாணவர் ஒருவருக்கு சைலோசைபின் கொடுத்ததற்காக ரிச்சர்ட் ஆல்பர்ட் 1963-இல் வெளியேற்றப்பட்டார்.

பீர்க் குவளைச் சுவரொட்டி

மாணவர் வளர்ந்தவர் என்றால் அவருக்கு நேர்வதற்கு அவரே பொறுப்பா? பென்சில்வேனியாவின் டெலவேர் வேலி கல்லூரியில் 1975 ஏப்ரலில் இரண்டாமாண்டு மாணவர்கள் ஊர் எல்லையில் ஒரு தோப்புக்கு உல்லாசப் பயணம் போனார்கள். அம்மாநிலத்தில் மது அருந்தும் வயது 21. போனவர்களில் பெரும்பாலோர் அதை எட்டாதவர்கள். பீர்க் குவளைப் படத்துடன் கூடிய அறிவிப்பு, கல்லூரியின் சொந்த நகலெடுக்கும் பிரிவிலேயே அச்சாகி வளாகமெங்கும் ஒட்டப்பட்டது. பீர் வாங்குவதற்கான காசோலையில் வகுப்பின் ஆலோசகரான ஆசிரியர் இணைக் கையொப்பமிட்டார். ஆனால் அவர் பயணத்துக்கு வரவில்லை. தனக்குப் பதில் வேறொருவரையும் அனுப்பவில்லை. திரும்பும் வழியில் குடித்திருந்த மாணவர் ஓட்டிய கார் நின்றிருந்த வண்டியில் மோதியது. உடன் வந்த 18 வயது மாணவருக்குக் கழுத்தெலும்பு முறிந்து கைகால்கள் செயலிழந்தன.

ஜூரிகள் கல்லூரி உள்ளிட்டோர்மீது 11 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தார்கள். 1979-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கல்லூரியை விடுவித்தது. நவீனக் கல்லூரி மாணவர்களின் பாதுகாப்புக்கு உத்தரவாதம் தருகிற நிறுவனமல்ல, மாணவர்களே விரும்பி அந்தப் பழைய கட்டுப்பாட்டை உதறினார்கள் என்பது தீர்ப்பின் போக்கு. காசோலையில் இருந்த கையொப்பமும் சுவரொட்டியும் நீதிபதிகளை அசைக்கவில்லை. யூட்டாவில் களப்பயணத்தின்போது குடித்துவிட்டுப் பாறையிலிருந்து விழுந்த மாணவி வழக்கிலும் (1986), டென்வர் பல்கலைக்கழக வழக்கிலும் (1987) இதே விடைதான் கிடைத்தது. பிக்கலும் லேக்கும் இதற்கு வேடிக்கை பார்ப்போர் காலம் என்று பெயரிட்டார்கள். அடக்கும் உரிமை போன கையோடு காக்கும் கடமையும் போயிற்று என்று நீதிமன்றங்கள் கணக்குப் போட்டன. இருந்திராத கடமை எப்படிப் போகும் என்று எந்த நீதிபதியும் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஒரு கூடைப்பந்து வீரரின் மரணத்துக்குப் பிறகு

உரிமையியல் நீதிமன்றங்கள் கையை விரித்துக்கொண்டிருந்த அதே 1986-இல் இன்னொரு பாதை திறந்தது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் லென் பயஸ், ஜூன் 17 அன்று தொழில்முறைக் கூடைப்பந்துக்கான புதிய வீரர் தேர்வில் இரண்டாவது ஆளாகப் பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்குத் தேர்வானார். 19-ஆம் தேதி காலை வளாக விடுதி அறையில் கொக்கெய்னால் சுருண்டு விழுந்து இறந்தார். பயிற்சியாளரும் விளையாட்டுத் துறை இயக்குநரும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதவி விலகினார்கள். ஆனால் பெரிய விளைவு வளாகத்துக்கு வெளியே நேர்ந்தது. தேர்தல் நெருங்கிய வேளையில் அமெரிக்க நாடாளுமன்றம் அவசர அவசரமாகப் போதைப்பொருள் ஒழிப்புச் சட்டம் இயற்றியது. அக்டோபர் 27 அன்று அது நடைமுறைக்கு வந்தது. 5 கிராம் கிராக் கொக்கெய்னுக்கும் 500 கிராம் தூள் கொக்கெய்னுக்கும் ஒரே குறைந்தபட்சத் தண்டனை, 5 ஆண்டுகள். பயஸ் உட்கொண்டது தூள். சிறைக்குப் போனவர்களோ பெரும்பாலும் ஏழைக் கறுப்பினப் பகுதிகளின் கிராக் வழக்கு இளைஞர்கள். இந்த நூற்றுக்கு ஒன்று விகிதம் 2010-இல்தான் பதினெட்டுக்கு ஒன்றாகக் குறைந்தது.

இதே சட்டத்தில் இன்னொரு பிரிவும் இருந்தது: விநியோகித்த போதைப்பொருளால் மரணம் நேர்ந்தால் குறைந்தது 20 ஆண்டுச் சிறை. பொறுப்பின் முகவரி இப்படிக் கல்லூரியிலிருந்து பொருளைக் கைமாற்றிய ஆளுக்கு மாறியது. அதற்குப் பிந்தைய சட்டங்கள் கல்லூரிகளைக் காகித வேலைக்குப் பழக்கின. மத்திய அரசின் நிதி பெறும் கல்லூரிகள் ஆண்டுதோறும் போதை எதிர்ப்புக் கொள்கையை எழுத்தில் வழங்க வேண்டும் என்றது 1989-ஆம் ஆண்டுத் திருத்தம். 1998-ஆம் ஆண்டுத் திருத்தம், 21 வயதுக்குக் குறைந்த மாணவரின் போதை விதிமீறலைப் பெற்றோருக்குத் தெரிவிக்க அனுமதித்தது. போதைக் குற்றத் தண்டனை பெற்ற மாணவருக்குக் கல்வி உதவித்தொகையை நிறுத்தவும் செய்தது. வன்முறைக் குற்றத்துக்குக்கூட இல்லாத தடை இது.

வளாகக் காவல்துறைகள் இந்தச் சூழலில்தான் வலுப்பெற்றன. சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2007-இல் ஒரு மாணவி கொக்கெய்னால் இறந்தபின் வளாகக் காவலர்கள் மத்திய போதைத் தடுப்பு அமைப்பை அழைத்தார்கள். மாணவர் வேடத்தில் ரகசிய அதிகாரிகள் நுழைந்தார்கள். 2008 மே மாதம் சுமார் 75 மாணவர்கள் கைதான செய்தி வெளியானது. வாரக் கடைசியில் தாங்கள் லாஸ் வேகாஸ் போவதால் அதற்கு முன் தள்ளுபடி விலையில் சரக்குக் கிடைக்கும் என்று ஃபிராட்டர்னிட்டி எனப்படும் மாணவர் சங்க இல்லம் ஒன்றிலிருந்து வாடிக்கையாளர்களுக்குக் குறுஞ்செய்தி போயிருந்தது. பிடிபட்டவர்களில் ஒருவர் குற்றவியல் நீதி படித்தவர்.

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் நடந்தது இதைவிடக் கசப்பானது. 2012-இல் போதைப்பொருள் விற்றுப் பிடிபட்ட மாணவரிடம் ஊசியும் இருந்தது. வழக்கும் வேண்டாம், வீட்டுக்குத் தெரியவும் வேண்டாம் என்றால் காவல்துறைக்குத் தகவலாளியாக இரு என்று ஒப்பந்தம் பேசப்பட்டது. அவர் ஒப்புக்கொண்டார். 2013 அக்டோபரில் தன் குடியிருப்பில் ஹெராயினால் இறந்துகிடந்தார். அடுத்த ஆண்டு பாஸ்டன் குளோப் நாளிதழ் இதை வெளிக்கொணர்ந்த பிறகே மாணவத் தகவலாளித் திட்டம் நிறுத்தப்பட்டது. ஊசியைப் பார்த்த காவலருக்கு அவர் எதற்கு அடிமையானவர் என்பது தெரியாமலிருக்க முடியாது. தெரிந்ததைப் பெற்றோரிடமும் மருத்துவரிடமும் சொல்லாமல் வழக்குப் பிடிக்கும் முதலாக்கிக்கொண்டார்கள். நூறாண்டு வரலாற்றில் கல்லூரியின் அறிவு இவ்வளவு அப்பட்டமாக மாணவருக்கு எதிராகப் பயன்பட்ட வேறொரு நிகழ்வை என்னால் சுட்ட முடியவில்லை.

அறிவின் அளவே பொறுப்பின் அளவு

வேடிக்கை பார்ப்போர் காலத்துக்கு முக்கியமான அடி 1991-இல் டெலவேரில் விழுந்தது. மாணவர் சங்கத்தில் சேரும் சடங்கில் ஒருவர்மேல் அடுப்பு துலக்கும் கார ரசாயனம் ஊற்றப்பட்டுத் தீப்புண் ஏற்பட்டது. இத்தகைய கொடுமைகள் நடப்பது பல்கலைக்கழகத்துக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும், எச்சரித்தும் இருக்கிறது, ஆகவே கடமையிலிருந்து நழுவ முடியாது என்றது மாநில உச்ச நீதிமன்றம். தெரிந்திருத்தல் என்ற அளவுகோல் இங்கே உறுதியாக நுழைகிறது.

எம்ஐடியில் 1997 செப்டம்பரில் 18 வயது முதலாண்டு மாணவர் சங்க இல்லத்துச் சடங்கில் மிதமிஞ்சிக் குடித்து இறந்தார். சங்கத்தின்மீது ஆள்கொலைக் குற்றச்சாட்டு பதிவானது. சங்கமே கலைந்துபோனதால் கூண்டில் ஏற ஆளில்லை. 2000-இல் எம்ஐடி 60 லட்சம் டாலருக்கு உடன்பாடு கண்டது. அதன் தலைவர் சார்லஸ் வெஸ்ட் பெற்றோரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டார். முதலாண்டு மாணவர் அனைவரும் வளாகத்துக்குள்ளேயே தங்க வேண்டும் என்ற விதி 2002 முதல் வந்தது. தீர்ப்பு எதுவும் எழுதப்படாமலே நடந்த இம்மாற்றம், பல தீர்ப்புகளைவிட ஆழமானது.

எம்ஐடி இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 2020-இல் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக வழக்கில் அளவுகோலைச் சொற்களில் வடித்தது. மாணவர் மதுபோதையால் உடனடி ஆபத்தில் இருக்கிறார், தானே உதவி தேட முடியாத நிலையில் இருக்கிறார் என்பது பல்கலைக்கழகத்துக்கு உண்மையில் தெரிந்திருந்தால் உதவும் கடமை உண்டு. அந்த வழக்கில் அப்படித் தெரிந்திருக்கவில்லை என்று பல்கலைக்கழகம் விடுவிக்கப்பட்டது. சட்ட நோக்கில் இது எச்சரிக்கையான முன்னேற்றம்தான். ஆனால் விடுதி அறையில் இரவு இரண்டு மணிக்கு நடப்பது யாருக்குத் தெரியும்? கல்லூரித் தலைவருக்கோ காவலருக்கோ தெரியாது. பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும்.

911-ஐ அழைப்பவர்

அந்த அறைத்தோழர் ஏன் 911 என்ற அவசர உதவி எண்ணை அழைப்பதில்லை என்பதற்கு விடை 1986-க்குப் பிந்தைய போதைச் சட்டங்களிலேயே இருக்கிறது. அழைத்தால் விடுதி போகும், அன்று உதவித்தொகையும் போகும். இதை உணர்ந்துதான் கார்னெல் பல்கலைக்கழகம் 2002-இல் மருத்துவ மன்னிப்பு விதியைக் கொண்டுவந்தது: ஆபத்திலிருப்பவருக்காக உதவி கேட்பவர்மீது ஒழுங்கு நடவடிக்கை இல்லை. நியூ மெக்சிகோ 2007-இல் இதையே மாநிலச் சட்டமாக்கியது; பின்னர் ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் ஏதோ ஒரு வடிவில் பின்பற்றின. உதவித்தொகைத் தடையும் 2020 இறுதியில் இயற்றப்பட்ட சட்டத்தால் நீங்கியது.

சிறிதளவிலேயே மூச்சை நிறுத்தும் ஃபென்டனில் வந்தபின் அழைப்பதற்கான அவகாசமே சுருங்கிவிட்டது. 2022 மே மாதம், பருவத் தேர்வுகள் முடிந்த வேளையில், ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இரு மாணவர்கள் இறந்தார்கள். கண்விழித்துப் படிக்க மாணவர்கள் தேடும் ஆடரால் மாத்திரையின் போலிகளில் ஃபென்டனில் கலந்து விற்கப்படுவதாகப் பல்கலைக்கழகம் எச்சரித்தது. போதைக்காக அல்ல, மதிப்பெண்ணுக்காக மாத்திரை தேடுபவரும் இப்போது இந்தப் பட்டியலில் வருகிறார். அவ்வாண்டே கலிபோர்னியா, அரசுக் கல்லூரிகள் ஃபென்டனிலின் விளைவை முறிக்கும் நாலொக்சோன் மருந்தை இருப்பில் வைக்க வேண்டும் என்று சட்டம் செய்தது. 2023 மார்ச்சில் அம்மருந்தின் மூக்குத் தெளிப்பான் மருந்துச் சீட்டில்லாமல் விற்க அனுமதி பெற்றது. உயிரைக் காக்கும் வேலை இப்படி மாணவர் கைக்கே வந்து சேர்ந்தது.

அந்தக் கைக்குச் சட்டம் தரும் பாதுகாப்புக்கு எல்லை உண்டு. கல்லூரியின் மன்னிப்பு விதி அரசு வழக்கறிஞரைக் கட்டுப்படுத்தாது. பெரும்பாலான மாநிலச் சட்டங்கள் போதைப்பொருளை வைத்திருந்ததற்கே விலக்கு அளிக்கின்றன, கைமாற்றியதற்கு அல்ல. மத்தியச் சட்டத்திலோ காசு வாங்காமல் பகிர்ந்தாலும் அது விநியோகம். அந்தப் பொருள் இல்லையென்றால் மரணம் நேர்ந்திராது என்று நிறுவ வேண்டும் என 2014-இல் பரேஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்தது உண்மை. உடலில் ஃபென்டனில் மட்டுமே இருக்கும்போது அதை நிறுவுவது கடினமல்ல. ஒரு மாத்திரையை உடைத்துப் பாதியைத் தோழருக்குக் கொடுத்த மாணவர் ஆம்புலன்சை அழைத்துத் தோழர் பிழைத்துக்கொண்டால் பல மாநிலங்களில் மாத்திரை வைத்திருந்ததற்காவது அவர்மீது வழக்கு இருக்காது. தோழர் இறந்துவிட்டால், பயஸ் மரணத்தையொட்டி 1986-இல் எழுதப்பட்ட அதே 20 ஆண்டுப் பிரிவு இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.