மௌனப்படமும் சிறார் அறிந்த கதைகளும்: நடராஜ முதலியாரின் படங்களை முன்வைத்து

முன்னுரை

மௌனப்படம் தோன்றிய சில ஆண்டுகளுக்குள்ளேயே மேலைநாடுகளில் சிறாருக்குரிய கதைகள் திரைக்கு வந்துவிட்டன. பிரான்சில் ஜார்ஜ் மெலியே 1899இல் சிண்ட்ரெல்லா கதையையும், இங்கிலாந்தில் ஹெப்வொர்த், ஸ்டோ ஆகிய இருவரும் 1903இல் ஆலிஸ் கதையையும் படமாக்கினர். தமிழகத்தின் தொடக்ககாலப் படங்களிலோ அவ்விடத்தைப் புராண, இதிகாசக் கதைகளே பெற்றன. இதன் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அறிந்த கதையின் தேவை

மெலியேயின் படம் ஏறத்தாழ ஆறு நிமிடமே ஓடுவது. பூசணிக்காய் வண்டியாக மாறுவதையும் நள்ளிரவு மணி அடிப்பதையும் அது காட்டுகிறதேயன்றி விளக்குவதில்லை. கதையை முன்பே கேட்டிருந்த குழந்தைக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பேச்சில்லாத படம் பார்ப்போரின் நினைவிலுள்ள கதையையே துணையாகக் கொண்டது எனலாம். 1905 முதல் ஊர் ஊராகப் படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட் ஏசுவின் வாழ்க்கைப் படத்தைத் திரையிட்டதும் இக்கருத்துக்கு அரண் செய்கிறது.

வேலூரும் பாரதக் கதையும்

வேலூரைச் சேர்ந்த ஆர். நடராஜ முதலியார் 1917இல் சென்னையில் இந்தியன் பிலிம் கம்பெனியை நிறுவி, தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படமாகிய 'கீசக வத'த்தை உருவாக்கினார். அவர் பிறந்த வடஆர்க்காட்டுப் பகுதி, திரௌபதியம்மன் கோயில் விழாக்களில் பாரதக் கூத்து நிகழும் பகுதியாகும். கோலார் தங்கவயலின் பாலகாட் முதலிய சுரங்கங்களுக்குப் பெருந்தொகையாகப் பிழைப்புத் தேடிச் சென்றோரும் இப்பகுதித் தமிழரே. இம்மக்களுள் பலர் எழுத்தறியாதவர். ஆயினும் கீசகனை அறிந்தவர். படத்தின் இடையே காட்டப்பட்ட எழுத்துகளை ஒருவர் உரக்கப் படித்தால் அவர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்திருக்கும்.

சிறுவரே தலைவராதல்

முதலியார் பின்னர் எடுத்த 'லவ குசா', 'மார்க்கண்டேயா' ஆகியவற்றில் சிறுவரே கதைத்தலைவர் என்பது கருதத்தக்கது. பால்கே 1919இல் எடுத்த 'காளிய மர்தன'த்தில் அவர்தம் மகள் மந்தாகினி சிறுவன் கண்ணனாக நடித்தார். இவை சிறாருக்கெனத் தனியே எடுக்கப்பட்டவை அல்ல. குடும்பத்தோடு வந்த குழந்தையும் கண்டு மகிழத்தக்கவை. பெரிய எழுத்து நூல்களாக வழங்கிய மாயக் கதைகள் தமிழில் இருந்தும் முதலியார் அவற்றை எடுக்கவில்லை. மதனகாமராஜன் கதை, பேசும்படம் வந்தபின் 1941இல் ஜெமினியால் படமாக்கப்பட்டது. நூலில் படித்தறியும் கதையினும் கூத்தில் கண்டறிந்த கதையே பேசாத் திரைக்கு ஏற்றதாயிருந்தது என இதனால் கருத இடமுண்டு.

முடிவுரை

'காளிய மர்தன'த்தின் பெரும்பகுதி இன்றும் காணக் கிடைக்கிறது. முதலியாரின் படங்களுள் ஒன்றேனும் எஞ்சவில்லை. எனவே, அக்காலத் தமிழ்க் குழந்தை திரையில் கண்டதை உணர்வதற்குக் கூத்துப் பனுவல்களும் பெரிய எழுத்து நூல்களும் வாய்மொழிக் கதைகளுமே இன்று வழிகாட்டுவன. படச்சுருள் அழிந்தது போல இவையும் அழியுமாயின், அவ்வரலாற்றை மீட்க வேறு வழி இராது. இவற்றைத் தொகுத்துக் காப்பது திரைப்பட ஆய்வாளரின் பணி மட்டுமன்று. தமிழாய்வுத் துறைகளின் கடமையுமாகும்.